வீட்டில் இருந்த எதிராளி

என் கணவருக்கு வேலை போன கோடையில்தான் எனக்கு அந்த இயந்திரத்தைப் பயன்படுத்த அனுமதி வந்தது. அது எங்கோ வேறொரு கண்டத்தில், ஆள் உயரத்தைத் தாண்டிய ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. அதன் சிப்பைச் சுற்றி நம் பூமியில் எங்குமே இயற்கையாக இல்லாத அளவு குளிர் என்றார்கள். நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். திருப்பதியில் உள்ள பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், வேகமாகச் சுற்றும் ஒரு மின்விசிறியின் கீழே உட்கார்ந்து இணையம் வழியாகக் கணக்கை அனுப்புவேன். கண் இமைக்கும் நேரத்தில் விடை வந்துவிடும்.

என் கணவர் எனக்கு அத்தை மகன். சிறுவயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தார், வாரக் கடைசியில் சித்தூருக்கு வருவார். நிறுவனத்தில் ஆட்களைக் குறைத்தபோது இவரையும் குறைத்துவிட்டார்கள். இரண்டு பைகளோடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்கு வந்தார். கிரீம்ஸ்பேட்டையில் மாடியில் குடியிருந்தோம். கீழ்வீட்டுக்காரர் கேட்டதற்கு, "வர்க் ஃப்ரம் ஹோமு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையைப் பல மாதம் பல பேரிடம் சொன்னார்.

நான் ஊருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து, பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குப் போய் பகுதிநேரமாக பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் தெலுங்குக்காரர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தவர். அவர் எனக்குக் கொடுத்த கேள்வி ஒரே வரிதான்: இந்தக் குவாண்டம் அனீலிங் இயந்திரம் சாதாரணக் கணினியை நிஜமாகவே முந்துகிறதா?

அந்தக் கேள்வியை என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, புரியவைக்க நான் கல்யாணப் பந்தியைச் சொன்னேன். வந்தவர்களை முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று பிரிக்கவேண்டும். பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே பந்தியில் உட்காரமாட்டார்கள். தாய்மாமனையும் சம்பந்தியையும் பிரித்து உட்காரவைத்தால் கோபம் வரும். பத்துப் பேர் என்றால் மனதிலேயே முடித்துவிடலாம். ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தால் எப்படிப் பிரித்தாலும் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எல்லாருடைய கோபத்தையும் கூட்டினால் மிகக் குறைவாக இருக்கும் பிரிப்பு எது? இதைக் கண்டுபிடிப்பதுதான் கணக்கு.

அனீலிங் என்றால் ஆறவிடுதல். கொல்லர் இரும்பைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் உள்ளே இருக்கும் அணுக்கள் தோதான இடத்தில் அமர்ந்துகொள்கின்றன. அதே ஆறவிடுதலைச் சாதாரணக் கணினியிலும் செய்துகாட்டலாம். முதலில் ஆட்களைக் கண்டபடி மாற்றி உட்காரவைப்பது, போகப்போக மாற்றங்களைக் குறைப்பது. மேடுபள்ளமான காட்டில் மிக ஆழமான பள்ளத்தைத் தேடி நடப்பது மாதிரி. சாதாரணக் கணினி ஒவ்வொரு மேட்டையும் ஏறி இறங்கவேண்டும். குளிர் இயந்திரமோ மேட்டைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும் என்று சொன்னார்கள். அப்படிப் போகிறதா, போனாலும் அதனால் லாபம் உண்டா என்று பார்ப்பது என் வேலை.

முதல் சோதனையிலேயே இயந்திரம் ஜெயித்தது. கொஞ்சநஞ்சமல்ல, ஆய்வுக்கூடத்துக் கணினி மூச்சுவாங்கிக்கொண்டிருக்கும்போதே அது விடையைக் கொடுத்துவிட்டு அடுத்த கணக்குக்குக் காத்திருந்தது. பேராசிரியர் சார் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"நிஜமேனாம்மா?" என்றார். "இன்னொரு தடவை ஓட்டு. சூத்தாம், பார்க்கலாம்."

இன்னொரு தடவையும் ஜெயித்தது. ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பினோம். என் கல்லூரி முதல்வர் எங்கிருந்தோ கேள்விப்பட்டு, வாசல் கேட்டில் என் படத்தோடு ஒரு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்.

அந்தச் செய்தியை வீட்டுக்குச் சூடாகக் கொண்டுவந்தேன். மாமா கூடத்தில் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதங்களில் அவர் டிவிக்குச் சத்தம் வைத்ததே இல்லை.

"மாமா, மிஷின் கெலிச்சுட்டுது," என்றேன்.

"ஆர்கூட ஓட வுட்ட?"

"இன்னா?"

"பந்தயம்னா ரெண்டு பேரு ஓடணும். மிஷின் ஒருத்தரு. இன்னொருத்தரு ஆரு?"

"ரெடிமேடா ஒரு புரோகிராம் கீது மாமா. நெறைய பேரு அத்த வெச்சிக்கினுதான் ஒப்பிடறாங்க."

"காட்டு."

பூண்டுத் தோல் ஒட்டிய விரல்களாலேயே என் லேப்டாப்பைத் திறந்து அந்த நிரலைப் படித்தார். சிரித்தார். வேலை போனதிலிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

"இது பாதித் தூக்கத்துல ஓடிக்கினு கீது மே. உங்க லேப் கம்ப்யூட்டர்ல அத்தனை கோர் கீது, இது ஒரே ஒண்ண வெச்சிக்கினு தவழுது. டேட்டாவ வேற மூலைக்கு மூலை எறைச்சி வெச்சிகீறான். இத்தக் கெலிச்சதுக்கா உனக்கு கேட்டாண்ட போட்டோ வெச்சாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். "அப்ப நீயே எழுதிக் காட்டு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

எழுதிக் காட்டினார். அடுத்த வாரம் ஒரு மாலை கல்லூரியிலிருந்து படியேறி வரும்போதே கதவு திறந்தது. சவரம் செய்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டை. வீட்டில் இருந்த பழைய கணினியில், எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த அந்தக் கீபோர்டில், அதே கணக்குகளை ஓட்டி வைத்திருந்தார். இயந்திரம் கொடுத்த விடைகளைவிடக் கொஞ்சம் நல்ல விடைகள், அதைவிடக் குறைந்த நேரத்தில். மேசைமேல் எனக்காக டீ போட்டு மூடி வைத்திருந்தார். நான் டீயைக் குடித்துக்கொண்டே வரிசை வரிசையாக எண்களைப் பார்த்தேன். என் கட்டுரை செத்துப்போயிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், மார்க் ஷீட்டை நீட்டிவிட்டு நிற்கும் பிள்ளையைப் போல.

"நல்லா கீது மாமா," என்றேன்.

சனிக்கிழமை சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுவோம் என்றார். பிறகு தெலுங்கில், "பலமான எதிராளி வீட்டிலேயே கிடைத்திருக்கிறார், அது அதிர்ஷ்டம். அவரை ஜெயித்தால்தானம்மா ஜெயித்ததாக அர்த்தம்," என்றார். கேட்டில் இருந்த ஃபிளெக்ஸை யாரும் எடுக்கவில்லை. அதைத் தாண்டித்தான் தினமும் வகுப்புக்குப் போனேன்.

அதன் பிறகு எங்கள் வீடு ஒரு பந்தயத் திடல் ஆனது. நான் கணக்கைக் கடினமாக்குவேன். இயந்திரம் முந்தும். மாமா நிரலைத் திருத்துவார். இயந்திரம் பின்தங்கும். கொல்லர் இரும்பை ஆறவிடுவது போல் ஒரு தடவை ஆறவிட்டால் போதாது, பல சூடுகளில் பல பிரதிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அவற்றை இடம் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்று எங்கோ படித்து, அதையும் எழுதிச் சேர்த்தார். வெங்காயம் நறுக்கும்போது திடீரென்று கத்தியை வைத்துவிட்டுக் கணினிக்கு ஓடுவார். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தனியாகப் பேசிக்கொண்டிருப்பார். டிவிக்குச் சத்தம் வந்தது. கடைக்குப் போனால் கடைக்காரரிடம் நின்று பேசிவிட்டு வந்தார். அவர் உயிரோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். நான் தோற்கத் தோற்க அது நடந்தது.

எனக்கு இரண்டு ஆசைகள் இருந்தன, ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்க முடியாது. இயந்திரம் ஒரு தடவையாவது உண்மையாக ஜெயித்தால் எனக்குப் பட்டம் கிடைக்கும், கல்லூரியில் நிரந்தரமாகும் வாய்ப்பு உண்டு. ஆனால் அது ஜெயித்த நாளில் இவர் மறுபடியும் அந்தத் தரையில் போய் உட்கார்ந்துவிடுவார். இதை யாரிடம் சொல்வது? நைனா பாலசமுத்திரத்திலிருந்து வந்திருந்தபோது அவரிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன்.

"இன்னாம்மா, அந்த மிஷினு கெலிச்சுதா?" என்று அவர்தான் ஆரம்பித்தார்.

"இல்ல நைனா. மாமாதான் கெலிச்சிக்கினு கீறாரு."

"ரெண்டும் ஒரே வூட்ல கீது. எது கெலிச்சா இன்னா? நமக்குத்தானே?"

நான் அவருக்குச் சாப்பாடு எடுத்துவைத்தேன். அவர் மாமாவைப் பார்த்து, "மாப்ள, சாப்ட்டுக் கீப்ட்டுத்தானே கம்ப்யூட்டராண்ட உக்கார்றது? எளைச்சிக்கினே போறியே," என்றார். மாமா சிரித்துக்கொண்டே, "துன்னுட்டுத்தான் உக்கார்றேன் மாமா," என்றார்.

ஒரு சனிக்கிழமை மாமாவையும் என்னோடு திருப்பதிக்கு அழைத்துப் போனேன். சார் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரண்டி, ரண்டி," என்று வரவேற்றுத் தன் நாற்காலிக்கு எதிரே உட்காரவைத்தார். சென்னையை விட்டு வந்த பிறகு அவரை யாரும் அப்படி உட்காரவைத்ததில்லை. இரண்டு பேரும் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் மாறி மாறி மத்தியானம்வரை பேசினார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து அடுத்த கணக்கைத் தயார் செய்தேன்.

அந்தக் கணக்கில் என் கடைசி நம்பிக்கை இருந்தது. இயந்திரத்தின் சிப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் சில பக்கத்துப் புள்ளிகளோடு மட்டும்தான் இணைப்பு உண்டு. தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்குப் பகை என்றால், நடுவில் பல புள்ளிகளைக் கோத்து ஒரே ஆளைப்போல நடிக்கவைக்கவேண்டும். அதில்தான் அதன் பலம் விரயமாகிறது. அதனால் நான் சிப்பின் இணைப்புகளோடு அச்சு அசலாகப் பொருந்துகிற கணக்குகளைச் செய்தேன். புள்ளிகளைக் கோக்கவே தேவையில்லை. நடுவில் ஏற முடியாத மெல்லிய உயரமான மேடுகளையும் வைத்தேன், துளைத்துக்கொண்டு போகிறவருக்கு மட்டும் வசதியாக.

இயந்திரம் ஜெயித்தது. மாமாவின் நிரலைத்தான் எதிரில் ஓடவிட்டேன், அரைத்தூக்க நிரலை அல்ல. பல வாரங்கள் பல கணக்குகளில் பார்த்தோம். ஜெயித்துக்கொண்டே இருந்தது. மாமாவும் வந்திருந்த ஒரு சனிக்கிழமை, சார் அறைக்கு வெளியே போய் யாருக்கோ போன் செய்து சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

அன்று மத்தியானம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். நான் இரண்டாம் தடவை சாதம் வாங்கினேன். மாமா இலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். சந்திரகிரி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சிப்போட வரைபடம் உன்னாண்ட கீதா?"

"கீது."

"குடுப்பியா?"

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். சிப்பின் இணைப்பில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு தெரிந்தவர், கணக்கைத் துண்டு துண்டாக மரக்கிளைபோல் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் துல்லியமாகத் தீர்த்துக்கொண்டே போகலாம். மேடு எத்தனை உயரமாக இருந்தாலும் அந்த வழியில் போகிறவருக்குக் கவலை இல்லை. நான் மறுத்திருக்கலாம். ஆனால் எதிராளியின் கண்ணைக் கட்டிவிட்டு வாங்குகிற வெற்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? வீட்டுக்கு வந்ததும் கொடுத்தேன். இன்று கேட்டாலும் கொடுப்பேன்.

அவருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அந்த நாட்களில் அவர் சாப்பிட்டதும் தூங்கியதும் எனக்கு நினைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது சமையலறை வாசலில் வந்து நின்றார். தோசை தீய்ந்த பிறகுதான் நான் அடுப்பை அணைத்தேன்.

"எவ்ளோ முந்துது?" என்று கேட்டேன்.

"நெறைய," என்றார். பிறகு, "கெலிக்கும்னு நெனைக்கல மே. சும்மா செஞ்சி பாத்தேன்," என்றார். இந்தத் தடவை அவர் முகத்தில் அந்த மார்க் ஷீட் பெருமை இல்லை.

சார் மனம் தளரவில்லை, அல்லது தளர்ந்ததைக் காட்டவில்லை. பொம்மைக் கணக்குகளை விட்டுவிட்டு நிஜமான ஒன்றை எடுக்கச் சொன்னார். அது மாங்காய்க் காலம். சித்தூரைச் சுற்றி உள்ள மாம்பழக் கூழ் ஆலைகளின் முன்னால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் கண்ணுக்கெட்டியவரை நின்றுகொண்டிருந்தன. நைனாவும் தன் தோப்புக் காய் ஏற்றிய ஒரு டிராக்டரின்மேல் துண்டை விரித்துப் படுத்திருந்தார். வெயிலில் பழுத்து அடியில் இருந்த காய்கள் நசுங்கிச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது, ஈ மொய்த்தது. எந்த டிராக்டர் எந்த ஆலைக்கு எந்த நேரம் வரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இந்த வரிசையே இருக்காது. பந்திக் கணக்கின் பெரியண்ணன்தான் இது. நைனாவிடமும் வரிசையில் நின்ற மற்றவர்களிடமும் விவரம் கேட்டு நான் கணக்கை அமைத்தேன்.

இயந்திரம் அதில் தடுமாறியது. நிஜ வாழ்க்கையின் இணைப்புகள் அதன் சிப்புக்குப் பொருந்தவில்லை, பாதிப் புள்ளிகள் நடிப்பதற்கே போய்விட்டன. மாமாவின் நிரல் பால் பொங்குவதற்குள் விடை சொன்னது. சரி, இயந்திரம் தோற்றாலும் விடை கையில் இருக்கிறதே என்று நாங்கள் இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டு ஓர் ஆலைக்குப் போனோம். மேலாளர் மரியாதையாக உட்காரவைத்தார். மோர் கொடுத்தார். திரையைப் பொறுமையாகப் பார்த்தார்.

"பாகுந்தம்மா. ரொம்ப நல்லா கீது," என்றார். "ஆனா லைன் எதுக்கு நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியலையே. போன வருஷத்துக் கூழே எங்க குடோன்ல கீது. வாங்கறதுக்கு ஆள் இல்ல. எப்ப வரச் சொல்றதுன்றது பிரச்சினை இல்லம்மா. வரவேணாம்னு சொல்ல முடியாம நிக்க வெச்சிருக்கோம்."

வெளியே வந்தோம். நைனாவின் டிராக்டர் கொஞ்சம் நகர்ந்திருந்தது. மாமா அதன் பக்கத்தில் போய், ஒழுகுகிற காய்களைப் பொறுக்கித் தனியே எறிய ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். மறுநாள் பாதிச் சரக்கை வாங்கிக்கொண்டார்கள். மீதியை நைனா ஊருக்குத் திருப்பி ஓட்டிப் போய் ஏரிக்கரையில் கொட்டினார்.

அந்த வருடக் கடைசியில் இயந்திர நேரத்துக்கான திட்டம் முடிந்தது. ஒரு சனிக்கிழமை கடவுச்சொல் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். சாரும் ஓய்வு பெற்றார். பெங்களூரில் மகள் வீட்டுக்குக் கிளம்பும் முன்னால், "உள்ளதை உள்ளபடி எழுதி முடித்துவிடம்மா," என்றார். என்னை இன்னொரு பேராசிரியரிடம் மாற்றிவிட்டார்கள். இளையவர், கெட்டவரில்லை. என் ஆய்வேட்டின் வரைவைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"மேடம், இது தோல்வி ரிப்போர்ட் மாதிரி கீது. இப்படிக் கொடுத்தா நிக்காது. இந்த ஒப்பீட்டு அத்தியாயத்துல உங்க வீட்டுக்காரர் புரோகிராமை எடுத்துடுங்க. அது எங்கேயும் வெளியான புரோகிராம் இல்லையே. எல்லாருக்கும் தெரிஞ்ச ரெடிமேட் புரோகிராமோட மட்டும் ஒப்பிடுங்க. மிஷின் ஜெயிச்சதா வரும். பொய்யும் இல்ல. நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க."

இதை வீட்டில் சொல்லாமலிருக்க நினைத்தேன். முடியவில்லை. சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"எடுத்துடு," என்றார்.

"இன்னா சொல்ற மாமா?"

"நான் ஆரு? ஒரு கம்பெனி பேரு கீதா எனக்கு, ஒரு பட்டம் கீதா? வூட்ல குந்திக்கினு எழுதுனது. அது இல்லாட்டி உலகத்துக்கு ஒண்ணும் கொறையாது. உனக்கு வேலை நெலைக்கும். எடுத்துடு."

அவர் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலை போன பிறகு அவர் செய்த ஒரே காரியம் அது. பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அவர் மனதில் வளர்ந்தது. அதை எடுத்துவிடு என்று, குழம்பை இந்தப் பக்கம் தள்ளு என்பதுபோல் சொன்னார்.

"எடுக்கமாட்டேன்," என்றேன்.

"புடிவாதம் புடிக்காத மே. ரெண்டு பேர்ல ஒருத்தராவது—"

"எடுக்கமாட்டேன்னு சொல்றேன்ல."

அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. நான் இதைத் தியாகம் என்று நினைத்துச் செய்யவில்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் மீதி இருப்பது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆய்வேடு உள்ளது உள்ளபடியே போனது. பரிசோதகர்களில் ஒருவர் ஏற்றுக்கொண்டார். மற்றவர் திருப்பி அனுப்பினார். சாதாரணக் கணினிக்கு நல்ல நிரல் எழுதினால் அது ஈடுகொடுக்கும் என்பது இந்தத் துறையில் ஏற்கெனவே பலர் சொன்னது, இதில் புதிதாக ஒன்றும் இல்லை, மேலும் சோதனைகள் செய்து மறுபடி அனுப்பவேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதும் தப்பில்லை. மேலும் சோதனை செய்ய இயந்திரம் என்னிடம் இல்லை.

மாமா அந்த நிரலை எடுத்துக்கொண்டு வேலை தேடினார். நேர்காணல்கள் எல்லாம் வீட்டிலிருந்தே, திரையில். கதவைச் சாத்திக்கொண்டு இஸ்திரிச் சட்டையோடு உட்காருவார். கீழே லுங்கி. நான் வெளியே நின்று கேட்பேன். ஒரு பெண் குரல், "இவ்வளவு நாள் எந்த நிறுவனத்தில் இருந்தீர்கள்?" என்று கேட்டது. இவர் நிரலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவள் நடுவில் மறித்து, "இப்போது இந்த மாதிரி நிரலெல்லாம் ஏஐயே எழுதிவிடுகிறது சார்," என்றாள். இவர், "ஆமாம் மேடம்," என்றார். வெளியே வந்து, "நல்லா பேசுனாங்க," என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு கூப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்கள். பிறகு கூப்பிடுவது நின்றது. டிவியின் சத்தம் மறுபடி எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் பார்த்தபோது அது இல்லை.

இப்போது திருச்சானூரில் தூரத்து உறவினர் ஒருவரின் லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். அறை பதிவு, ஆதார் அட்டை வாங்கி வைப்பது, வெந்நீர் வரவில்லை என்றால் ஆளை அனுப்புவது. தங்குவதற்குப் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். நான் சித்தூரில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நிரல் எழுத அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறேன், இன்னும் ஒப்பந்தத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை திருப்பதிவரை பஸ்ஸிலும் அங்கிருந்து ஷேர் ஆட்டோவிலும் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவேன்.

போன ஞாயிறு மத்தியானம் போனபோது லாட்ஜ் காலியாக இருந்தது. முகூர்த்தம் இல்லாத நாள். அவர் அந்த அறையில் கட்டிலில் உட்கார்ந்து நான் கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டார். வீட்டு மோட்டார் ரிப்பேர் ஆனதைச் சொன்னேன். யாரைக் கூப்பிட்டேன் என்று கேட்டார். நைனா மாமரங்களை வெட்டிவிட்டுச் சவுக்கு வைக்கப்போகிறாராம் என்று சொன்னேன். தலையாட்டினார்.

"யுனிவர்சிட்டில இன்னொரு வருஷம் டைம் கேக்கலாமாம், மாமா," என்றேன்.

"கேளு," என்றார்.

"கேட்டு இன்னா செய்யறது? மிஷினு ஏது?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து துண்டில் துடைத்தார். வெளியே ஒரு வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. யாரோ தெலுங்கில் அறை இருக்கிறதா என்று கூவினார்கள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் போனார். நான் டப்பாவைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, அவர் வேனில் வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்ததால், கையை மட்டும் காட்டிவிட்டு ஆட்டோவுக்கு வந்தேன். கால நீட்டிப்பு கேட்கும் விண்ணப்பத்தை நான் இன்னும் எழுதவில்லை.